தலைவரின் வாயில் ஒரு கயிறு

தெருவின் மேட்டுக் கோடியில் தெரு நலச் சங்கத் தலைவர் வீடு இருந்தது. பள்ளக் கோடியில் சுண்டுவின் வீடு இருந்தது. மழை பெய்தால், தலைவர் வீட்டு வாசலில் விழுந்த தண்ணீர் அங்கே நிற்கத் துணியாது. மரியாதையாக இறங்கி, தெரு முழுக்க நடந்து, சுண்டுவின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்த முறை வந்த தண்ணீர் போகவே இல்லை. மழையும் போகவில்லை. காலையில் தூறும், மதியம் கொட்டும், மாலையில் மறுபடியும் தூறும். சுவர்கள் ஊறி, பச்சை பூத்து, ஈரத் துணி நாற்றம் அடித்தன.

சுண்டு ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாளாம். அப்பா வைத்த பட்டப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அப்பா பேருந்து ஓட்டுநர். மழை தொடங்கிய புதிதில், தண்ணீருக்குள் ஒளிந்திருந்த சாக்கடைக் குழியில் கால் வைத்தார். எலும்பு முறிந்தது. இப்போது தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. கட்டிலை விட்டு அசைய முடியாது. தண்ணீர் ஏற ஏற, அம்மாவும் சுண்டுவும் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கற்களை அடுக்கினார்கள்.

"இப்படியே போனா நான் கூரையைத் தொட்டுடுவேன்," என்றார் அப்பா. "ஒட்டடை அடிங்க, ஒட்டடை அடிங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தியே, படுத்தபடியே அடிச்சுத் தந்துடுறேன்."

அம்மா சிரிக்கவில்லை.

"கட்டு நனையவே கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நனைஞ்சு கட்டு விட்டுப்போனா எலும்பு கோணலா ஒட்டிக்குமாம். அப்புறம் எந்தக் காலால பஸ் ஓட்டுவீங்க?"

"கோணலான ரோட்டுல ஓட்டிக்கிறேன்."

"விளையாட்டா இருக்கு உங்களுக்கு!"

அப்பாவுக்கு விளையாட்டாக இல்லை என்பது சுண்டுவுக்குத் தெரியும். யாரும் பார்க்காதபோது அவர் கட்டிலின் ஓரம் தலையை நீட்டி, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

தூக்கிக்கொண்டு வேறு இடம் போகலாமா என்றால், வாசலில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அதற்கு அடியில் எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே கால், அப்பாவின் கால். அதுதான் கட்டுக்குள் இருந்தது.

பக்கத்து வீட்டுத் தையல்கார அத்தை போன வாரமே கிளம்பிவிட்டாள். தையல் எந்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, தண்ணீரில் தடவித் தடவி நடந்து போனாள். போகும்போது, "என் வீட்டுச் செங்கலையும் எடுத்துக்கோங்க," என்றாள். அந்தச் செங்கற்களும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன.

இனி ஒரே நம்பிக்கை, பம்பு.

பம்பைத் தெரு நலச் சங்கம் வாங்கியிருந்தது. சின்னப் பெட்ரோல் இன்ஜின். அதோடு ஒட்டினாற்போல ஒரு பம்பு. தெரு நடுவில், பழைய கல்மேடை ஒன்றின் மேல் அதை வைத்தார்கள். ஒரு குழாய் பள்ளத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சும். இன்னொரு குழாய் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள வாய்க்காலில் கொண்டுபோய்க் கொட்டும்.

அவ்வளவுதான் வேலை. ஆனால் சங்கம் என்று ஒன்று இருந்தால் வேலை அவ்வளவோடு நிற்குமா?

இன்ஜினின் முன்பக்கத்தில் வட்டமாக ஒரு மூடி இருந்தது. மூடி முழுக்க வரிசை வரிசையாகத் துளைகள். நடுவில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் உள்ளேயிருந்து கயிறு வரும், இன்ஜின் கிளம்பும்.

சங்கத்தின் செயலாளர் அந்த மூடியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னய்யா இது, வெறும் ஓட்டையா இருக்கு? நாலு பேரு பார்க்கிற இடம். இங்கே தலைவர் முகம் இருந்தா எப்படி இருக்கும்!"

தகரத்தில் தலைவரின் முகம் தயாரானது. மூடியைவிட ஒரு சுற்று பெரிது. ரோஜா நிறக் கன்னம், நிஜத்தில் இல்லாத அடர்த்தியான முடி, எல்லாப் பல்லும் தெரிகிற சிரிப்பு. கயிற்றுக்கு வழி விட வேண்டுமே என்று நடுவில் ஒரு துளை போட்டார்கள். அளந்து பார்த்தால் அது சரியாக வாயில் வந்தது. கைப்பிடியை வெளியே எடுத்துவிட்டதும், தலைவர் ஒரு ரப்பர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

திறப்பு விழா அன்று தலைவர் மேட்டிலிருந்து இறங்கி வந்து, தன் வாயிலிருந்து தானே கயிற்றை இழுத்தார். இன்ஜின் உறுமியது.

உறுமியதோடு நிற்கவில்லை, அதிரவும் செய்தது. தகரம் கடகடத்தது. தலைவரின் முகம் கிடுகிடுவென்று நடுங்கியது. கன்னம் குலுங்கியது. பேயைப் பார்த்துப் பயந்தவர் மாதிரி பற்கள் படபடத்தன.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. செயலாளரை ஒரு பார்வை பார்த்தார்.

அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது. அன்று மாலையே செயலாளர் ரப்பர் பட்டை வாங்கி வந்து, தகரத்துக்கும் மூடிக்கும் நடுவில் சுற்றிலும் இண்டு இடுக்கு விடாமல் ஒட்டினார். திருகாணிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார்.

"இனிமே முகம் அசையுமா பார்க்கிறேன்! ஒரு கொசு உள்ளே போகட்டும் பார்க்கலாம்!"

முகம் அசையவில்லை. கொசு போகவில்லை. அன்றிலிருந்து இன்ஜினும் ஒழுங்காக ஓடவில்லை.

கிளம்பும், கொஞ்ச நேரம் ஓடும், பிறகு குரல் மாறும். திணறும், முனகும், நின்றுவிடும். தொட்டால் கை பொசுங்கும். ஆறும்வரை காத்திருந்து மறுபடியும் கயிற்றை இழுக்க வேண்டும். அது ஆறுகிற நேரத்தில் மழை ஓய்வெடுத்துக்கொள்வதில்லை. போன தண்ணீர் திரும்பி வந்துவிடும், துணைக்கு இன்னும் கொஞ்சத்தையும் அழைத்துக்கொண்டு.

பம்பை ஓட்டியவர் லாரி அண்ணன். தலைவருக்குச் சொந்தமான லாரியை ஓட்டுகிறவர். பம்பு நின்ற ஒரு மதியம், இன்ஜினின் வயிற்றுப் பக்கம் இருந்த சின்ன மூடியைத் திருகி, அதில் இருந்த அளவுக் குச்சியை வெளியே எடுத்தார். குடையோடு பக்கத்தில் நின்ற சுண்டுவிடம் காட்டினார்.

"எண்ணெயைப் பாரு சுண்டு. எப்படிச் சொட்டுது?"

"தண்ணி மாதிரி."

"மோந்து பாரு."

"ஐய! கருகின நாத்தம்."

"உள்ளே இரும்பும் இரும்பும் உரசாம இருக்கத்தான் எண்ணெய். வழவழன்னு நடுவுல நிக்கணும். ரொம்பச் சூடானா நீர்த்துப் போயிடும். அப்புறம் இரும்பு இரும்பைத் தின்னும். இப்படியே ஓட்டினா ஒரு நாள் மொத்தமா இறுகிப்போய்ப் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்."

"அப்படின்னா எண்ணெயை ஆற வைக்கணும்."

"லாரியில அதுக்குத் தண்ணித் தொட்டி இருக்கு, ரேடியேட்டர் இருக்கு. இந்தக் குட்டிக்கு ஒண்ணுமே இல்லையே! இது எதாலதான் ஆறுது? அதுதான் எனக்குப் பிடிபட மாட்டேங்குது." அண்ணன் தலையைச் சொறிந்தார். காதில் எண்ணெய்க் கறை ஒட்டியது.

அவருக்குப் பிடிபடாதது சங்கத்துக்குப் பிடிபட்டுவிட்டது. எண்ணெய் சூடாகிறது என்று கேள்விப்பட்டதும் அவசரக் கூட்டம் போட்டு, "எண்ணெய்க் குளிர்விப்பு உபகுழு" என்று ஒன்றை அமைத்தார்கள். செயலாளர்தான் அதற்கும் செயலாளர். உபகுழு முதலில் தனக்குச் சட்டையில் குத்திக்கொள்ள வில்லைகள் செய்துகொண்டது. பிறகு யோசித்தது.

ஒருவர் எண்ணெயை மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். புது எண்ணெயும் தண்ணீராகிக் கருகியது.

ஒருவர் விசிறச் சொன்னார். உபகுழுவில் இளையவர்கள் இருவர் இரண்டு பக்கமும் நின்று அட்டையால் விசிறினார்கள். விசிறியவர்களுக்கு வியர்த்தது. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒருவர் ஐஸ் கட்டி கொண்டு வந்தார். பழுக்கச் சூடாக இருந்த இன்ஜினின் தலையில் அதை வைக்கப் போனார்.

"அய்யய்யோ! வெடிச்சு விரிசல் விட்டுடும்ணே!" என்று லாரி அண்ணன் பாய்ந்து பிடித்தார். ஐஸ் தண்ணீரில் விழுந்தது. பள்ளத்தில் தண்ணீர் அந்த அளவுக்குக் கூடியது.

அன்று வீட்டில், தண்ணீர் மேல் செங்கலைத் தொட்டிருந்தது.

"சுண்டு," என்றாள் அம்மா. "பக்கத்துத் தெருவுல வீடு கட்டிக்கிட்டு இருந்தாங்களே, அங்கே நாலஞ்சு செங்கல் தருவாங்களான்னு கேளு. ஓரமா, சுவரைப் பிடிச்சுக்கிட்டே போ."

"நான் வரேன் துணைக்கு," என்றார் அப்பா.

அம்மா திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சுண்டு கூடையை எடுத்துக்கொண்டு சுவரோரமாக நடந்தாள். பக்கத்துத் தெருவின் முனையை அடைந்ததும் ஒரு சத்தம் கேட்டது. திணறல் இல்லாத, முனகல் இல்லாத, ஒரே சீரான சத்தம்.

அங்கேயும் ஒரு பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அதே மாதிரி, அதே அளவு. அந்தத் தெருவில் சங்கம் கிடையாது. ஆகவே அந்தப் பம்புக்கு முகம் எதுவும் இல்லை. பாதி கட்டிய வீட்டின் வாசலில், ஒரு அக்கா அதன் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது எப்ப நிக்கும்?"

"பெட்ரோல் தீர்ந்தா நிக்கும்."

"சூடாகி நிக்காதா?"

"அது ஏன் சூடாகி நிக்குது? காலையிலேர்ந்து ஓடுது. எனக்குத்தான் காது போச்சு." அக்கா பேசிக்கொண்டே கையை நீட்டி, இன்ஜினின் வட்ட மூடியில் ஒட்டியிருந்த ஒரு வேப்ப இலையைப் பிய்த்து எறிந்தாள். "இந்த இலை வேற. எங்கேருந்துதான் வந்து ஒட்டுதோ!"

சுண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். மரத்திலிருந்து இன்னோர் இலை விழுந்தது. நேராகத்தான் விழுந்தது. மூடிக்கு அருகில் வந்ததும் சட்டென்று வளைந்தது. யாரோ கூப்பிட்டது போல் போய், துளைகளின் மேல் 'டப்' என்று ஒட்டிக்கொண்டது.

"அக்கா! அதுல பசை தடவியிருக்கா?"

"பசையா? எனக்கு வேற வேலை இல்ல பாரு."

சுண்டு குனிந்து, உள்ளங்கையை மூடிக்கு எதிரே நீட்டினாள். காற்று விரல்களுக்கு நடுவில் நுழைந்து உள்ளே ஓடியது. பிறகு கையை இன்ஜினின் அடுத்த பக்கம் கொண்டுபோனாள். அங்கே இரும்பு தகடு தகடாகச் சீப்பு மாதிரி இருந்தது. அந்தத் தகடுகளுக்கு நடுவிலிருந்து, சூடான காற்று அவள் கையில் அடித்தது.

குளிர்ந்த காற்று முன்பக்கமாக உள்ளே போகிறது. சூடான காற்று பின்பக்கமாக வெளியே வருகிறது. நடுவில் இருக்கும் சூட்டை அந்தக் காற்றுதான் அள்ளிக்கொண்டு வருகிறது! இந்தக் குட்டி இன்ஜினுக்குத் தொட்டியும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். அது காற்றைக் குடித்துக் குடித்தே தன் வயிற்று எண்ணெயை ஆற்றிக்கொள்கிறது.

அப்படியென்றால், எங்கள் தெருவில்?

"செங்கலுக்கு வந்தியா பாப்பா? அதோ கிடக்கு, எடுத்துக்கோ," என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள், சுண்டு கூடையில் செங்கற்களையும் அவற்றின் மேல் ஒரு பிடி இலையையும் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தெரு நடுவில் லாரி அண்ணன் அப்போதுதான் இன்ஜினைக் கிளப்பியிருந்தார். சுண்டு ஓர் இலையைத் தலைவரின் மூக்குக்கு எதிரே பிடித்து விட்டாள். அது தலைவரின் கன்னத்தைத் தடவிக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. இன்னொன்றை விட்டாள். அதுவும் விழுந்தது.

"என்ன சுண்டு, தலைவருக்கு அர்ச்சனையா?" என்றார் அண்ணன்.

அவள் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க அண்ணனின் கண் விரிந்தது. தகரத்தின் ஓரத்தை, ரப்பர் பட்டையை, கையால் தடவிப் பார்த்தார்.

"அட! மூஞ்சியைப் போட்டு மூச்சை அடைச்சு வச்சிருக்கோம்!"

"கழட்டிடுங்க அண்ணே!"

அண்ணனின் கை திருகாணிவரை போனது. அப்புறம் நின்றது. மேட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"நான் ஓட்டுறது அவரு லாரிம்மா," என்றார் மெதுவாக. "செயலாளர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம்."

செயலாளர் கேட்டார். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியவர் மாதிரி துள்ளினார்.

"தலைவர் முகத்தைக் கழட்டுறதா? இதைச் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சு? உபகுழு ஒண்ணு இருக்கு, யோசிச்சுக்கிட்டு இருக்கு! நீ போய்ப் பள்ளிக்கூடப் பாடத்தைப் படி."

"பள்ளிக்கூடம் தண்ணிக்குள்ள இருக்கு மாமா."

"அப்ப வீட்டுக்குப் போ."

"வீடும் தண்ணிக்குள்ள இருக்கு."

செயலாளருக்கு அதற்கு மேல் அனுப்ப இடம் கிடைக்கவில்லை. வில்லையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அதே நேரத்தில் இன்ஜின் முனகி நின்றது.

சுண்டு செங்கற்களோடு வீட்டுக்கு ஓடினாள். அம்மாவும் அவளும் கட்டிலின் ஒரு மூலையைத் தூக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. ஊறிப்போன மரம் கனத்தது. அடியில் இருந்த செங்கல் அடுக்கு வழுக்கியது. கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்தார்.

"விட்டுடுங்க," என்றார். "சரிஞ்சா மொத்தமா விழுந்துடுவேன்."

அம்மா கட்டிலில் ஏறி உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கீழே, கட்டில் சட்டத்தை நக்குவது போல் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம்மா வச்சுக்க முடியும்?" என்று கேட்டாள் சுண்டு.

அம்மா காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சுண்டு வெளியே வந்தாள். சுவரைப் பிடிக்காமலே நடந்தாள். மேட்டில் ஏறினாள்.

தலைவர் வீட்டுக் கூடம் காய்ந்து கிடந்தது. அப்படி ஒரு காய்ந்த தரையை அவள் பார்த்துப் பல நாள் ஆயிற்று. தன் கால் சேறு அதில் படாமல் வாசற்படியிலேயே நின்றாள். தலைவர் கண்ணாடி முன்னால் நின்று, கையை உயர்த்தி உயர்த்தி ஒரு பேச்சுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இன்ஜினுக்கு மூச்சு முட்டுது. உங்க படம் காத்தை அடைக்குது. அதனாலதான் எண்ணெய் கொதிக்குது."

"இன்ஜினுக்கு என்ன, மூக்கா இருக்கு?" என்று சிரித்தார் தலைவர். "அதெல்லாம் உபகுழு பார்த்துக்கும். நீ பள்ளத்து வீட்டுப் பொண்ணுதானே? அது கிடக்கட்டும், படம் எப்படி இருக்கு? எல்லாரும் பார்க்கிறாங்களா?"

கேட்டபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு மார்க் என்ன என்று கேட்கிற பையன் மாதிரி இருந்தது. சுண்டுவுக்கு ஒரு நிமிடம் அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. பொய் சொல்லி அவரைச் சந்தோஷப்படுத்தலாம். ஆனால் அங்கே அப்பாவின் காலைத் தாங்கிக்கொண்டிருக்கும் அம்மாவின் கை வலிக்கும்.

அவள் உண்மையைச் சொன்னாள். யாருக்கும் கேட்காதபடி, அருகில் வரச் சொல்லி, மெதுவாகச் சொன்னாள்.

"எல்லாரும் பார்க்கிறாங்க ஐயா. பம்பு நிக்கிறப்பல்லாம் பார்க்கிறாங்க. பார்த்துட்டுத் திட்டுறாங்க."

"இன்ஜினையா?"

"திட்டுறது இன்ஜினைத்தான். ஆனா அங்கே இருக்கிற மூஞ்சி உங்களுதுதானே? அதனால உங்களைப் பார்த்துத் திட்டுற மாதிரிதான் இருக்கு. நேத்து ஒரு தாத்தா கன்னத்துல தட்டினாரு."

தலைவர் தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார்.

"என்ன சொல்லித் திட்டுறாங்க?"

"அந்த வார்த்தையெல்லாம் பெரியவங்க முன்னாடி சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

தலைவர் கண்ணாடியில் தன் முகத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"படத்தை இங்கே, மேட்டுல வச்சா நல்லா இருக்கும் ஐயா," என்றாள் சுண்டு. "பம்பு நின்னாலும் இங்கே யாருக்கும் தெரியாது."

தலைவர் செருப்பைத் தேடினார். அது கிடைக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. வெறுங்காலோடு வாசலுக்கு வந்து, தெருவே அதிரும்படி கத்தினார்.

"செயலாளரே! யோவ் செயலாளரே! என் மூஞ்சியை எடுய்யா அங்கேருந்து!"

செயலாளர் ஓடி வந்தார். "நானும் அதையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன் தலைவரே," என்றார்.

அண்ணனே திருகாணிகளைக் கழற்றினார். ரப்பர் பட்டை உருகி ஒட்டியிருந்தது; நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. தகரம் வந்ததும் குப்பென்று ஒரு சூடு முகத்தில் அடித்தது. தலைவரின் தாடையில் வண்ணம் கொப்பளித்துத் தோல் உரிந்திருந்தது. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் வீடுகள் பள்ளத்தில்தான் இருந்தன.

அண்ணன் உடனே கிளப்பவில்லை. கருகிய எண்ணெயை வடித்து, புது எண்ணெய் ஊற்றினார். சுண்டு ஒரு குச்சியால் தகடுகளுக்கு நடுவில் அடைந்திருந்த சேற்றை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தாள். இன்ஜின் தானாக ஆறும்வரை இருவரும் காத்திருந்தார்கள். அவளுக்கு வீட்டுக்கு ஓட வேண்டும் போல இருந்தது. ஓடினால் அங்கே என்ன பார்க்க நேரும் என்று பயமாகவும் இருந்தது. நின்றாள்.

அண்ணன் கயிற்றை இழுத்தார். இன்ஜின் இருமியது. நின்றது. மறுபடியும் இழுத்தார். ஒரு கரும்புகை கக்கிவிட்டு ஓடத் தொடங்கியது.

சுண்டு ஓர் இலையை எடுத்து நீட்டினாள். அவள் விரலிலிருந்து பறித்துக்கொண்டு போனது போல் அது மூடியில் 'டப்' என்று ஒட்டியது. அண்ணன் அதைப் பிய்த்து எறிந்தார்.

"உள்ளே நிறைய தேஞ்சு போயிருக்கு சுண்டு. கேளு, கரகரன்னு ஒரு சத்தம் வருது. இனிமே இது பழையபடி ஆகாது."

"ஓடுமா?"

"மூச்சு விட வழி விட்டுட்டோம் இல்ல? ஓடும்."

ஓடியது. வழக்கமாகக் குரல் மாறுகிற நேரம் வந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தார்கள். குரல் மாறவில்லை.

சுண்டு அப்போதுதான் வீட்டுக்கு ஓடினாள்.

அம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அப்பாவின் கால். படுக்கை விளிம்பு நனைந்து பஞ்சு கருத்திருந்தது. ஆனால் கட்டு வெள்ளையாக, காய்ந்து இருந்தது. சுண்டு தானும் கட்டிலில் ஏறி, காலின் மறுமுனையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள். அது அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

மூவரும் தூரத்தில் ஓடுகிற இன்ஜினைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வெகுநேரம் கழித்து அப்பா தலையை நீட்டிக் கீழே பார்த்தார்.

"கட்டில் சட்டம் முழுசாத் தெரியுது," என்றார். அதற்குமேல் வேடிக்கையாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, சுண்டுவின் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

மறுநாள் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. அது போன இடத்தில் சேறு இருந்தது. சுண்டுவின் புத்தகங்கள் ஊறிப் பருத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சுவரில், தண்ணீர் நின்ற இடத்தில் ஒரு பழுப்புக் கோடு. தையல்கார அத்தையின் வீட்டுக் கதவு உப்பிப்போய்த் திறக்கவே இல்லை. அவள் எப்போது வருவாள் என்று யாருக்கும் தெரியாது. மழை மட்டும் தூறிக்கொண்டிருந்தது.

அன்று மாலை சங்கம் ஒரு பாராட்டு விழா வைத்தது. எண்ணெயை வெற்றிகரமாகக் குளிர்வித்ததற்காக எண்ணெய்க் குளிர்விப்பு உபகுழுவுக்குப் பாராட்டு. பம்புக்குப் பக்கத்திலேயே மேடை போட்டார்கள். உபகுழு வில்லை குத்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தது. சுண்டுவை யாரும் மேடைக்கு அழைக்கவில்லை. அவள் இன்ஜினுக்கு அருகில், அண்ணன் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் எழுந்தார். ஒலிபெருக்கியைத் தட்டினார். உதடு அசைந்தது. இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

செயலாளர் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தார். "அதை நிறுத்துய்யா! தலைவர் பேசுறாரு!" என்று அண்ணனின் காதுக்குள் கத்தினார்.

அண்ணன் சுண்டுவைப் பார்த்தார்.

"எங்க வீட்டுல இன்னும் தண்ணி இருக்கு மாமா," என்று சுண்டுவும் கத்தினாள்.

"கொஞ்ச நேரம்தான்! பேச்சு முடியுற வரைக்கும்!"

"பேச்சு எப்ப முடியும்?"

செயலாளர் யோசித்தார். நேர்மையான மனிதராக இருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் நேர்மையாக இருந்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார்.

அண்ணன் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. இன்ஜினும் நிற்கவில்லை. கரகரத்தபடி, புகைந்தபடி, தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

தலைவர் பேசினார். கையை உயர்த்தினார், விரலை ஆட்டினார், நெஞ்சில் அடித்துக்கொண்டார். ஒரு சொல்லும் யாருக்கும் கேட்கவில்லை. அவர் கை உயரும்போதெல்லாம் மக்கள் கைதட்டினார்கள். பள்ளத்து வீடுகளிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது.

அவர் பேசியதிலேயே தெருவுக்கு மிகவும் பிடித்த பேச்சு அதுதான்.